மரவேலை ஆர்வலர்களை ஒரு மதியச் சாப்பாட்டில் கூட்டுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

மரவேலையைப் பொழுதுபோக்காகச் செய்பவர்கள் பெரும்பாலும் தனியாகத்தான் செய்கிறார்கள். மொட்டை மாடியிலோ கார் நிறுத்தும் இடத்திலோ பால்கனி மூலையிலோ ஒரு மேசை போட்டிருப்பார்கள். உளி ஏன் இவ்வளவு சீக்கிரம் மழுங்குகிறது, போன மாதம் நேராக இருந்த பலகை இந்த மாதம் ஏன் வளைந்தது என்று கேட்கப் பக்கத்தில் ஆள் இருக்காது. பத்துப் பேர் ஒரு மேசையில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் பேசினால் அந்தக் கேள்விகளில் பல அங்கேயே தீர்ந்துவிடும். அதற்கு மிக எளிய வழி, ஓர் உணவகத்தில் மதியச் சாப்பாடு.

புதிதாக ஏற்பாடு செய்பவர்கள் வழக்கமாக உணவகத்தை முதலில் முடிவு செய்கிறார்கள். பிறகு நாள் குறிக்கிறார்கள். எத்தனை பேர் வருவார்கள் என்று கடைசியில்தான் எண்ணுகிறார்கள். இந்த வரிசையே பெரும்பாலான சிக்கல்களுக்குக் காரணம். சாப்பாடு சுமாராக இருந்தாலும் சந்திப்பு நன்றாக நடந்துவிடும். ஒருவர் பேசுவது எதிரில் இருப்பவருக்குக் கேட்காத மேசையில் எப்படிப்பட்ட விருந்து போட்டாலும் சந்திப்பு தேறாது. ஆகவே எந்த முடிவை எடுக்கும்போதும், ‘இது பேச்சுக்கு உதவுமா, பொருளைக் கையில் வாங்கிப் பார்க்க உதவுமா’ என்றே பாருங்கள்.

கீழே உள்ள உதாரணங்கள் சென்னையைச் சேர்ந்தவை. மற்ற ஊர்க்காரர்கள் தங்கள் ஊர் ரயில் நிலையத்தையும் மரக்கடைத் தெருவையும் அந்த இடத்தில் வைத்துப் படித்துக்கொள்ளலாம்.

தொடங்கும் முன் தேவையானவை

மூன்று வார அவகாசம், வரக்கூடியவர்களின் கைபேசி எண்கள், ஒரு பஞ்சாங்கம் அல்லது நாட்காட்டி, உணவகத்தை நேரில் பார்க்க ஒரு மதியம், உதவிக்கு ஓர் ஆள். இந்த உதவி ஆள் கட்டாயம் வேண்டும். அன்று காலை உங்களுக்குக் காய்ச்சல் வந்தாலும் மேசையில் யாராவது ஒருவர் முன்னதாக இருந்தாக வேண்டும். உணவக மேலாளரின் எண் அவரிடமும் இருக்கட்டும்.

1. முதலில் எண்ணிக்கை

8 முதல் 12 பேர் வரை நல்ல அளவு. 5 பேர் என்று திட்டமிட்டால், இருவர் வராதபோது மூன்று பேர் மட்டுமே மிஞ்சுவார்கள். புதிதாக வந்தவர் சங்கடப்படுவார். 12-ஐத் தாண்டினால் பேச்சு தானாகவே இரண்டு மூன்று குழுக்களாக உடைந்துவிடும். சென்னை உணவகங்களில் பொதுவாக நான்கு பேர் உட்காரும் மேசைகள்தான் இருக்கும். மூன்றைச் சேர்த்தால் 12 பேர். அதற்கு மேல் சேர்த்துப் போடக் கூடத்தில் இடமும் இருக்காது.

ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேளுங்கள். குழுவில் பொதுவாக ஒரு செய்தி போட்டால், எப்போதும் பேசுகிற நான்கு பேர்தான் பதில் சொல்வார்கள். கூச்ச சுபாவம் உள்ளவர்களும், இப்போதுதான் முதல் பெட்டியைச் செய்துகொண்டிருப்பவர்களும் ஒதுங்கிவிடுவார்கள். இந்தச் சந்திப்பு அதிகம் தேவைப்படுவது அவர்களுக்குத்தான்.

கேட்க வேண்டியவை: வருகிறீர்களா? எந்தப் பகுதியிலிருந்து, எதில் வருவீர்கள்? சைவமா, அசைவமா? படி ஏறுவதில் சிரமம் உண்டா? இந்தக் கடைசிக் கேள்வியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஓய்வு பெற்ற பிறகு மரவேலைக்கு வந்தவர்கள் நிறையப் பேர் உண்டு. ஏசி கூடம் முதல் மாடியில் இருந்து, மின்தூக்கியும் இல்லையென்றால் அவர்கள் கீழேயே நின்றுவிட நேரும்.

“பார்க்கலாம்”, “முயற்சி செய்கிறேன்” என்று வரும் பதில்களை ‘வரவில்லை’ என்றே எண்ணுங்கள். நம் ஊரில் முகத்துக்கு நேராக மறுப்பது வழக்கமில்லை. அந்தச் சொற்களுக்குப் பெரும்பாலும் அதுதான் பொருள். அவர் வந்துவிட்டால் மகிழ்ச்சியோடு ஒரு நாற்காலி சேர்த்துப் போடலாம்.

பெண்கள் வருவதாக இருந்தால், வேறு யார் யார் வருகிறார்கள் என்பதை அவர்களிடம் முன்பே சொல்லுங்கள். முன்பின் தெரியாத ஒன்பது ஆண்கள் இருக்கும் மேசைக்குத் தனியாக வருவது யாருக்கும் தயக்கம் தரும். வேறு பெண்களும் வருகிறார்கள் என்று தெரிந்தால் அந்தத் தயக்கம் வெகுவாகக் குறையும்.

2. நாளைக் குறியுங்கள்

ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லோருக்கும் வசதி என்று தோன்றும். உணவகங்களில் கூட்டம் உச்சத்தில் இருப்பதும் அப்போதுதான். உங்களுக்குப் பின்னால் ஒரு குடும்பம் மேசை காலியாவதற்காகக் காத்து நிற்கும்போது மரத்துண்டுகளை இணைக்கும் பொருத்துகளைப் பற்றி நிதானமாகப் பேச முடியாது. புறநகர் மின்சார ரயில்களும் ஞாயிற்றுக்கிழமை குறைவாகவே ஓடும்.

என் தேர்வு இரண்டாவது அல்லது நான்காவது சனிக்கிழமை. வங்கிகளுக்கு அந்த இரண்டு சனிக்கிழமைகளும் விடுமுறை. பெரும்பாலான கணினி நிறுவனங்களுக்கு எல்லாச் சனியும் விடுமுறை. இன்னொரு வசதியும் உண்டு: சனிக்கிழமை மரக்கடைகளும் கருவிக் கடைகளும் திறந்திருக்கும். சாப்பிட்ட கையோடு நாலு பேர் சேர்ந்து போய்ப் பலகை பார்த்துவிட்டு வரலாம். ஞாயிறன்று பாரிமுனைக் கடைகளில் பெரும்பாலானவை பூட்டிக்கிடக்கும்.

நாட்காட்டியில் தவிர்க்க வேண்டியவற்றைப் பாருங்கள். அமாவாசையன்று தர்ப்பணம் செய்பவர்கள் வெளியில் சாப்பிட மாட்டார்கள். பெரிய முகூர்த்த நாளில் பாதிப் பேருக்காவது ஒரு திருமண அழைப்பு இருக்கும். ரமலான் மாதத்தில் நோன்பிருக்கும் நண்பர்களை மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவது முறையல்ல. அந்த மாதம் சந்திப்பை மாலைக்கு மாற்றுங்கள் அல்லது தள்ளிப்போடுங்கள். புரட்டாசியில் பலர் அசைவம் தொடமாட்டார்கள். கார்த்திகை, மார்கழியில் மாலை போட்டிருப்பவர்கள் வெளிச் சாப்பாட்டையே தவிர்க்கலாம். அந்த மாதங்களில் சைவ உணவகம் என்று முடிவு செய்துவிட்டால் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்தது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. தண்ணீர் தேங்கும் தெருவில் உள்ள உணவகமாக இருந்தால் அந்தக் காலத்தில் வேண்டாம்.

3. இடம்: மேசையைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்

எல்லோரும் எங்கிருந்து வருகிறார்கள் என்பதை ஒரு தாளில் எழுதினால் பகுதி தானாகத் தெரியும். சென்னையில் எழும்பூர் நல்ல நடுப்புள்ளி. கடற்கரை–தாம்பரம்–செங்கல்பட்டு மின்சார ரயில் பாதையும் மெட்ரோவும் அங்கே சந்திக்கின்றன. ஆவடி, திருவள்ளூர் பக்கத்திலிருந்து வருபவர்கள் சென்ட்ரலில் இறங்கினால் மெட்ரோவில் அடுத்த நிறுத்தமே எழும்பூர். சூளைப் பகுதி மரக்கடைகளும் அருகில்தான்.

பகுதி முடிவானதும் இரண்டு மூன்று உணவகங்களைக் குறித்துக்கொண்டு நேரில் போங்கள். சந்திப்பு சனிக்கிழமை என்றால் சனிக்கிழமை, அதே நேரத்தில் போங்கள். செவ்வாய்க்கிழமை மாலை நான்கு மணிக்கு அமைதியாக இருக்கும் கூடம் சனிக்கிழமை மதியம் எப்படி இருக்கும் என்று போகாமல் சொல்ல முடியாது. அங்கே ஒரு சாப்பாடு சாப்பிட்டபடியே கீழ்க்கண்டவற்றைக் கவனியுங்கள்.

சத்தம். ஓடு பதித்த சுவர், கிரானைட் மேசை, எவர்சில்வர் பாத்திரம் மூன்றும் சேர்ந்தால் கூடம் முழுக்க எதிரொலிக்கும். பாத்திரம் போடும் தொட்டிக்கும் சமையலறைக் கதவுக்கும் தள்ளி இருக்கும் மூலை மேசை நல்லது. இயந்திரங்களோடு பல ஆண்டுகள் வேலை செய்தவர்களுக்குக் காது சற்று மந்தமாக இருப்பது சகஜம்; சத்தமான கூடத்தில் அவர்கள் தலையாட்டிவிட்டு மௌனமாகிவிடுவார்கள்.

வெளிச்சம். இதை ஒருவரும் யோசிப்பதில்லை. மரத்தின் நிறமும் ரேகையும் பகல் வெளிச்சத்தில்தான் சரியாகத் தெரியும். மங்கலான மஞ்சள் விளக்கின் கீழ் தேக்கையும் வேங்கையையும் வைத்து நிறத்தைப் பற்றி விவாதிப்பதில் பயனில்லை. ஜன்னலோரம் பக்கவாட்டில் வெளிச்சம் விழும் மேசை கிடைத்தால் விடாதீர்கள். இழைப்புளி விட்டுப் போன தடம், உப்புத்தாளின் கீறல் எல்லாம் சாய்வான வெளிச்சத்தில்தான் கண்ணுக்குப் படும்.

மேசை. சில பழைய சாப்பாட்டுக் கூடங்களில் மேசைகள் தரையோடு பதிக்கப்பட்டிருக்கும்; சேர்த்துப் போட முடியாது. சேர்க்க முடிந்தாலும் சுவரை ஒட்டிப் போடாதீர்கள். இலைச் சாப்பாட்டில் பரிமாறுபவர் ஒவ்வோர் இலையையும் பலமுறை எட்ட வேண்டும். சுவர்ப் பக்கம் உட்கார்ந்தவருக்குச் சாம்பார் வருவதற்குள் எதிரில் இருப்பவர் மோருக்குப் போயிருப்பார். இரண்டு பக்கமும் நடைபாதை இருக்கும் இடமே சரி.

கை கழுவும் இடம், கழிவறை, வாகனம் நிறுத்தும் இடம், படிகள். ஒருமுறை கண்ணால் பார்த்துக்கொண்டால் போதும்.

வணிக வளாகத்துக்குள் இருக்கும் உணவகங்களைத் தவிர்க்கச் சொல்வேன். வாசலில் பை சோதனை உண்டு. உளியோ குறிக்கும் கத்தியோ பையில் இருந்தால் அங்கேயே தடைபடும். பிறகு ஒவ்வொருவருக்காகவும் நீங்கள் வாசலுக்கு ஓட வேண்டியிருக்கும்.

எந்த வகைச் சாப்பாடு என்பதிலும் ஒரு முடிவு வேண்டும். இலைச் சாப்பாடு என்றால் எல்லோருக்கும் ஒரே விலை, ஒரே நேரத்தில் வரும், கணக்கு எளிது. ஆனால் இலை எடுத்தவுடன் எழுந்துவிட வேண்டும் என்ற அவசரம் அந்தக் கூடங்களில் இயல்பு. தனித்தனியாக உணவு கேட்டு வாங்கும் ஏசி கூடத்தில் கூடுதல் நேரம் உட்காரலாம், கணக்குதான் சிக்கலாகும். முதல் சந்திப்புக்கு, ஏசி கூடத்தில் எல்லோருக்கும் ஒரே வகைச் சாப்பாடு என்று சொல்லி வைப்பதே சுலபம். விலை சற்றுக் கூடும். அந்தக் கூடுதல் தொகை நீங்கள் உட்காரப்போகும் நேரத்துக்கான விலை.

4. மேலாளரிடம் பேசுங்கள்

பரிமாறுபவரிடம் சொல்லிவிட்டு வருவது போதாது. அன்று அவர் விடுப்பில் இருக்கலாம். மேலாளரைப் பார்த்து நாள், நேரம், எண்ணிக்கை மூன்றையும் சொல்லி, அவர் தன் குறிப்பேட்டில் எழுதுவதைப் பார்த்துவிட்டு வாருங்கள். முன்பணம் கேட்டால் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

இதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள்: “நாங்கள் மரவேலை செய்பவர்கள். சாப்பாட்டுக்கு முன் முக்கால் மணி நேரம் சில மரப் பொருட்களைப் பார்ப்போம். மேசையில் விரிப்பு போட்டுக்கொள்வோம், குப்பை போடமாட்டோம்.” முன்பே தெரிந்திருந்தால் யாரும் ஆட்சேபிப்பதில்லை. தெரியாமல் மேசையில் உளி முளைத்தால் அவர்கள் திகைப்பது நியாயம்தான்.

நேரம் என்று வந்தால் நான் 11.30-ஐப் பரிந்துரைப்பேன். கூட்டம் திரள்வது 12.45-க்கு மேல்தான். 11.30 முதல் 12.15 வரை பொருட்களைப் பார்ப்பது, பிறகு சாப்பாடு, 1.30-க்குள் எழுவது. வந்தவுடன் எல்லோருக்கும் எலுமிச்சைச் சாறோ காபியோ சொல்லிவிடுங்கள். எதுவும் வாங்காமல் பத்து நாற்காலிகளைப் பிடித்துவைப்பது உணவகத்துக்கு நட்டம். இரண்டு மணிக்கு வைத்தால் கூட்டம் குறைந்திருக்கும் என்று சிலர் நினைப்பார்கள். அதற்குள் பொரியலும் கூட்டும் தீர்ந்திருக்கும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அவ்வளவு தாமதம் ஆகாது.

5. பணத்தை முன்பே தீருங்கள்

நண்பர்களுக்குள் மனக்கசப்பு வருவது இங்கேதான். எனவே தலைக்கு எவ்வளவு என்பது அழைப்பிலேயே இருக்க வேண்டும்.

கணக்கு இப்படி: சாப்பாடு 200 ரூபாய், பானம் 40 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 240 ரூபாய்க்குச் சாதாரண உணவகத்தில் ஜிஎஸ்டி 5 சதவீதம், அதாவது 12 ரூபாய். ஆக 252. பரிமாறியவர்களுக்கு அன்பளிப்பும் சேர்த்துத் தலைக்கு 270 ரூபாய் என்று வைத்தால் சில்லறைத் தகராறு இல்லை. விலைப்பட்டியலில் உள்ள தொகை ஜிஎஸ்டி சேர்த்தா, சேர்க்காமலா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெரிய நட்சத்திர விடுதிகளின் உணவகங்களில் வரி 18 சதவீதம் வரை போகும்.

சேவைக் கட்டணம் என்று ஒரு தொகை ரசீதில் தானாக வந்திருந்தால் எடுக்கச் சொல்லலாம். அதைக் கட்டாயமாக வசூலிக்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2025 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. முன்பதிவு செய்யும்போதே கேட்டுவிட்டால் பத்துப் பேர் முன்னால் வாதாட வேண்டியிருக்காது.

ஒரே ரசீது, ஒருவர் கட்டுவது, மற்றவர்கள் அவருக்கு யூபிஐ வழியாக அனுப்புவது. இதுதான் எளிது. பத்துத் தனி ரசீது கேட்டால் நெரிசல் நேரத்தில் கல்லாவில் இருப்பவருக்குத் தொல்லை. பணத்தை மூன்று நாள் முன்பே அனுப்பச் சொல்லுங்கள். பணம் அனுப்பியவர் அநேகமாக வந்துவிடுவார், எண்ணிக்கையும் உறுதியாகும்.

மாணவர்கள் இருந்தால் அவர்களின் பங்கை இருவர் மூவர் சேர்ந்து ஏற்றுக்கொள்ளலாம். அதை மேசையில் அறிவிக்க வேண்டாம். அந்த மாணவரிடம் மட்டும் முன்பே சொல்லிவிடுங்கள்.

6. அழைப்பை எழுதுங்கள்

எல்லாம் முடிவான பிறகே அழைப்பு. பாதி விவரத்தோடு அனுப்பினால் மீதி விவரத்தைக் கேட்டு இருபது செய்திகள் வரும். அவற்றில் ஒன்றில் யாரோ வேறு உணவகத்தைப் பரிந்துரைப்பார். எல்லாம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஒரே செய்தியில் எல்லாம் இருக்கட்டும்:

“வணக்கம். வரும் நான்காவது சனிக்கிழமை காலை 11.30-க்கு எழும்பூரில் மரவேலை நண்பர்கள் சந்திக்கிறோம். ரயில் நிலையத்திலிருந்து நடந்து வரும் தூரம். வழிகாட்டும் வரைபடம் கீழே. முதலில் ஒவ்வொருவரும் கொண்டுவந்த பொருளைப் பார்ப்போம், 12.15-க்குச் சாப்பாடு. சைவம். தலைக்கு 270 ரூபாய், புதன்கிழமைக்குள் அனுப்பவும். கையில் அடங்கும் அளவில் ஒரு பொருள் கொண்டுவரவும். பாதி முடிந்ததாக இருந்தாலும் சரி. ஒன்றும் இல்லையென்றாலும் கட்டாயம் வாருங்கள்.”

கடைசி இரண்டு வாக்கியங்களை விட்டுவிடாதீர்கள். வேலை நேர்த்தியாக இல்லையே என்று வெட்கப்பட்டே பலர் வராமல் போகிறார்கள்.

இரண்டு வாரம் முன்பு ஒருமுறை, மூன்று நாள் முன்பு ஒருமுறை, முந்தைய நாள் இரவு ஒருமுறை அனுப்பினால் போதும்.

7. மேசைக்கு வரும் பொருட்கள்

நன்றாகப் பேச்சைக் கிளப்புபவை சின்னப் பொருட்கள்தான்: அஞ்சறைப் பெட்டியின் மூடி, கரண்டி, கடைசல் கிண்ணம், கழுந்து (துளைக்குள் நுழையும் முனை) சரியாக உட்காராத ஒரு மூட்டு, பெயர் தெரியாத ஒரு மரத்துண்டு. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம். அதைப் படமாகக் காட்டலாம்.

மரத்துண்டுகளில் பென்சிலால் என்ன மரம், எங்கே கிடைத்தது என்று எழுதி வரச் சொல்லுங்கள். பூவரசு, வாகை, மலைவேம்பு, மா, பலா என்று நம் பக்கத்து மரங்களை இழைத்து அருகருகே வைத்துப் பார்ப்பது பெரிய பாடம். ஆறு மரங்களைக் கையில் தூக்கிப் பார்த்து, முகர்ந்து, நகத்தால் அழுத்திப் பார்த்தால் எது எந்த வேலைக்கு ஆகும் என்பது புரியத் தொடங்கும்.

கூடாதவை சில. உளுத்த மரம் வேண்டாம். தட்டினால் மாவு கொட்டும், அது சாப்பாட்டு மேசை. பூச்சு காயாத பொருள் வேண்டாம். கையில் ஒட்டும், வாடை அடிக்கும். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைப் பைக்குள் சுருட்டி எடுத்துவரவே கூடாது. அந்த எண்ணெய் காற்றோடு வினைபுரிந்து காயும்போது சூடு உண்டாகும். சுருண்ட துணிக்குள் சூடு வெளியேற வழியின்றித் தானாகத் தீப்பிடிக்கக்கூடும். வீட்டிலும் அந்தத் துணியை விரித்துக் காயவைத்த பிறகோ தண்ணீரில் முக்கி எடுத்தோ தான் குப்பையில் போட வேண்டும்.

உளி, கத்தி கொண்டுவந்தால் முனைக்கு உறை போட்டு, தடித்த துணியில் சுற்றி வரட்டும். மெட்ரோவில் வருபவர்களிடம் அவை வேண்டாம் என்று தனியாகச் சொல்லுங்கள். நிலையத்தில் பை சோதனை உண்டு, கூரிய பொருட்களை அனுமதிக்க மாட்டார்கள்.

சந்தனமும் செம்மரமும் வனச்சட்டக் கட்டுப்பாட்டில் உள்ளவை. துண்டு மரங்களை நண்பர்களுக்குள் மாற்றிக்கொள்ளும் பழக்கம் இருந்தால், இந்த இரண்டும் அதில் வேண்டாம்.

8. ஆசாரி ஒருவரை அழைப்பதாக இருந்தால்

அழைக்கலாம்; மிக நல்ல யோசனை. நாற்பது ஆண்டு உளி பிடித்த கை ஒரு மூட்டைத் தொட்டுப் பார்த்துச் சொல்லும் ஒரு வார்த்தை, பல காணொளிகள் சொல்லாததைச் சொல்லிவிடும். ஆனால் அவரை எப்படி அழைக்கிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும்.

சனிக்கிழமை அவருக்கு வேலை நாள். அரை நாள் கூலியை விட்டுவிட்டு வருகிறார். அவருடைய சாப்பாட்டுச் செலவும் போக்குவரத்துச் செலவும் குழுவினுடையது. அரை நாள் கூலியை உறையில் வைத்து, தனியாக அழைத்துக் கொடுத்துவிடுங்கள். இதை அவரிடம் முன்பே சொல்லிவிடுவது மரியாதை.

மேசையில் நடுவில் உட்காரவையுங்கள். ஓரத்தில் உட்காரவைத்தால் அவர் கேட்கப்படும்போது மட்டும் பேசுபவராகிவிடுவார். “எங்கள் வீட்டுக் கதவுக்கு எவ்வளவு ஆகும்” என்று யாரும் விலை பேசத் தொடங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவர் பொழுதுபோக்குக்காக வந்தவர் இல்லை, உங்கள் அழைப்பை மதித்து வந்தவர். “ஐயா, இந்தக் கழுந்து ஏன் ஆடுகிறது, கொஞ்சம் பார்த்துச் சொல்ல முடியுமா” என்று பொருளைக் கையில் கொடுத்துக் கேட்பதே சரியான தொடக்கம். அவர் வேலை கையால் செய்ததா, இயந்திரத்தில் செய்ததா என்று தரம் பிரிக்கும் பேச்சும் வேண்டாம்.

9. அன்றைய நாள்

அரை மணி முன்னதாகப் போங்கள். மேசை சொன்ன இடத்தில்தான் போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மாற்றச் சொல்ல அப்போதுதான் நேரம் இருக்கும். பழைய பருத்தி வேட்டி அல்லது போர்வையை மேசையில் விரியுங்கள். கிரானைட்டில் உளி பட்டால் முனை உடையும்.

காது மந்தமானவருக்கு நடு இருக்கை, முதுகுப் பக்கம் சுவர் இருக்கும்படி. பின்னாலிருந்து வரும் இரைச்சல் குறைந்தால் எதிரில் பேசுவது தெளிவாகக் கேட்கும். ஏற்கெனவே பழகியவர்கள் இருவர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் அவர்களுக்குள்ளேயே பேசிக்கொள்வார்கள். இடையே புதியவர் ஒருவரை உட்காரவையுங்கள்.

அறிமுகம் சுருக்கமாக இருக்கட்டும்: பெயர், இப்போது செய்துகொண்டிருக்கும் வேலை, அதில் தடுமாறும் ஓர் இடம். இந்த மூன்றாவதுதான் சந்திப்பின் உயிர். ‘எத்தனை ஆண்டு அனுபவம்’ என்று கேட்டால் புதியவர் சுருங்கிப்போவார். ‘எங்கே தடுமாறுகிறீர்கள்’ என்று கேட்டால் எல்லோரிடமும் பதில் இருக்கும், அனுபவசாலியிடமும்.

பொருட்கள் ஒவ்வொன்றாக மேசையைச் சுற்றி வரட்டும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பரப்பினால் பெரிய பளபளப்பான பொருளைச் சுற்றியே கண்கள் நிற்கும். மூலையில் இருக்கும் கரண்டியை ஒருவரும் எடுக்கமாட்டார்கள். முதலில் புதியவர்களின் பொருட்கள், கடைசியில் கைதேர்ந்தவருடையது. வரிசை மாறினால் புதியவர் பையைத் திறக்கவே மாட்டார்.

பொருளைப் பார்க்கும் நேரம் சாப்பாட்டுக்கு முன்புதான். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். பூச்சு இல்லாத மரத்தில் எண்ணெய்க் கை பட்டால் அந்த இடத்தில் பிறகு பசையும் மெருகும் சரியாகப் பிடிக்காது. மஞ்சள் கறை எளிதில் போகாது. சாப்பிட்டுக் கை கழுவினாலும் ஈரமும் எண்ணெய்ப் பிசுக்கும் விரலிடுக்கில் இருக்கும். 12.10-க்கு எல்லாப் பொருட்களும் பைக்குள் போய்விட வேண்டும். விரிப்பைத் தூசி கீழே விழாதபடி மடித்து எடுத்துவிட்டுத்தான் இலை.

சாப்பிடும்போது யாரையும் பேச வைக்கப் பாடுபட வேண்டாம். முக்கால் மணி நேரம் பொருட்களைப் பார்த்தவர்களுக்குப் பேச்சு தானாக வரும்.

10. எழுந்த பிறகு

துண்டு மரங்களை மாற்றிக்கொள்வதை வாசலில், நிழலில் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே அடுத்த கூட்டத்துக்கு மேசை வேண்டும்.

மரக்கடைக்குப் போவதென்றால் நாலைந்து பேராகப் போங்கள். பத்துப் பேர் ஒரே கடையில் நுழைந்தால் வாங்க வந்திருப்பவர்களுக்கு இடைஞ்சல். கடைக்காரருக்கும் யாருக்குப் பதில் சொல்வதென்று தெரியாது. கருவி பார்க்க விரும்புபவர்கள் பாரிமுனையில் உள்ள லிங்கிச் செட்டி தெருப் பக்கம் போகலாம். சிறிய அளவில் வாங்குபவர்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டால் கடைக்காரர் அறுத்து மீந்த துண்டுகளைக் காட்டுவார். கன அடிக் கணக்கில் பேசினால் நேரம்தான் வீணாகும்.

யாராவது “என் பட்டறை பக்கத்தில்தான், வாருங்கள்” என்று அழைப்பார்கள். போய்ப் பாருங்கள். ஆனால் வயிறு நிறையச் சாப்பிட்ட மதியத் தூக்கக் கலக்கத்தில் வட்ட ரம்பத்தையோ ரவுட்டர் என்ற பள்ளம் வெட்டும் இயந்திரத்தையோ யாரும் ஓட்டிக்காட்ட வேண்டாம். சுற்றி நின்று பேசும் ஆட்கள், பழக்கமில்லாத இடம், கலைந்த கவனம் மூன்றும் சேர்ந்தால் விரல் போகும். உளியைச் சாணைக்கல்லில் தீட்டிக் காட்டுவது அந்த நேரத்துக்குப் பொருத்தமான வேலை.

11. புதியவர்கள் தடுக்கி விழும் வேறு சில இடங்கள்

உரை ஒன்று, படக்காட்சி ஒன்று என்று நிகழ்ச்சி நிரல் போடுவது. உணவகக் கூடத்தில் ஒருவர் பேச ஒன்பது பேர் கேட்பது நடக்காது.

கருவி விற்பவரை அழைப்பது. தவறான ஆட்கள் என்று சொல்லவில்லை. ஆனால் அவர் வந்துவிட்டால் பேச்சு முழுவதும் எதை வாங்கலாம் என்பதற்குத் திரும்பிவிடுகிறது. கையிலிருக்கும் இழைப்புளியைச் சரியாகத் தீட்டத் தெரியாதவர் புதிதாக இன்னொன்றை வாங்கி வீடு போவார்.

வராதவர் பணத்தைத் திருப்பித் தருவதா என்று முடிவு செய்யாமல் விடுவது. முந்தைய நாள் மாலைக்குள் சொன்னால் திருப்பித் தருவோம், அதன்பின் இல்லை என்று அழைப்பிலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

தாமதமாக வருபவருக்காகக் காத்திருப்பது. 11.40-க்குத் தொடங்கிவிடுங்கள். வந்தவர்களின் நேரமும் மதிப்புள்ளது.

12. மறுநாள்

வரவு செலவை ரசீதின் படத்தோடு குழுவில் போடுங்கள். மீதி 90 ரூபாயாக இருந்தாலும் அது அடுத்த சந்திப்புக் கணக்கில் இருக்கிறது என்று எழுதுங்கள். அன்று எடுத்த படங்களில் முகம் தெரிபவர்களிடம் கேட்டுவிட்டுப் பகிருங்கள். பொருட்களின் படத்துக்கும் செய்தவரின் சம்மதம் வேண்டும்.

பிறகு, தடுமாறும் இடம் என்று ஒவ்வொருவரும் சொன்னதை ஒரு பட்டியலாக எழுதி அனுப்புங்கள். பதில் கிடைத்தவை எவை, கிடைக்காதவை எவை என்று குறியுங்கள். பதில் கிடைக்காத கேள்விகளுக்காகவே அடுத்த முறை பலர் வருவார்கள். அந்தச் சந்திப்பை ஏற்பாடு செய்ய வேறு ஒருவரைக் கேளுங்கள். உணவக மேலாளரின் எண், தலைக்கு ஆன தொகை, எந்த மேசையில் வெளிச்சம் நன்றாக இருந்தது என்ற மூன்றையும் அவரிடம் கொடுத்துவிடுங்கள்.